கோவையில் புதிதாகப் பட்டறை போட்டவர்களுக்கு: சங்கம், கூட்டம், விருது – படிப்படியாக

கோயம்புத்தூரில் புதிதாக ஒரு பட்டறை போட்டவருக்குக் கிடைக்கும் முதல் புத்திமதி, "ஏதாவது ஒரு சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள்" என்பதுதான். எந்தச் சங்கம், சேர்ந்த பிறகு என்ன செய்வது, கூட்டத்தில் யாரிடம் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் சொல்ல ஆள் இருக்காது. பலர் சந்தா கட்டுகிறார்கள், ஒரு கூட்டத்துக்குப் போகிறார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். மறுவருடம் சந்தாவைப் புதுப்பிப்பதில்லை. "அங்கெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களுக்குத்தான் மரியாதை" என்ற குறை மட்டும் மிஞ்சுகிறது.

லேத், ஃபவுண்டரி, பம்ப் உதிரிபாகம், வெட் கிரைண்டர் என்று எதைச் செய்பவராக இருந்தாலும் இந்த வழிமுறை பொருந்தும். முதலில் செய்தி, அடுத்து ஆட்கள், கடைசியில் விருது என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். விருதில் தொடங்குகிறவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்கள் வீட்டு ஷோகேஸ் நிரம்பியிருக்கும், பட்டறையில் இரவு ஷிப்டு ஓடாது.

படி 1: காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இல்லாவிட்டால் இன்றே செய்துவிடுங்கள். 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் இந்தப் பதிவு முழுக்க இலவசம். மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதார், பான் விவரங்களைக் கொடுத்தால் போதும். தேடுபொறியில் முதலில் வந்து நின்று பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் தரகர்களுடையவை. 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திரத் தளவாட முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் உங்களுடையது குறுந்தொழில். விருதுக்கு விண்ணப்பிக்கும்போதும், வராத பாக்கிக்காக மனுக் கொடுக்கும்போதும் முதலில் கேட்கப்படுவது இந்த எண்தான்.

விசிட்டிங் கார்டு அடிக்கும்போது பின்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். பளபளப்புப் பூச்சு வேண்டாம், பேனா பிடிக்காது. காரணம் படி 4இல் வருகிறது.

படி 2: ஒரே ஒரு சங்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

கோவையில் தொழில் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. 1929இல் தொடங்கிய இந்தியத் தொழில் வர்த்தக சபை இருக்கிறது. பம்ப், மோட்டார் உற்பத்தியாளர்களின் சீமா 1952இலிருந்தும், சிறுதொழில்களுக்கான கொடிசியா 1969இலிருந்தும் இயங்கி வருகின்றன. குறுந்தொழில், குடிசைத் தொழில்காரர்களுக்கு டேக்ட், பம்ப் மற்றும் உதிரிபாகம் செய்பவர்களுக்குக் கோப்மா, குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைக்குக் கொசிமா.

பெயரின் கனத்தைப் பார்த்துச் சேராதீர்கள். உங்கள் வாடிக்கையாளர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார், உங்களைப் போல மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஆர்டர்காரர்கள் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் விசாரியுங்கள். ஆர்டர் தேவையென்றால் முதலாவது. கூலி நிர்ணயம், மின்கட்டணம், ஆள் பற்றாக்குறை என்று அன்றாடப் பிரச்சினைகளில் துணை தேவையென்றால் இரண்டாவது. ஆவாரம்பாளையத்தில் இரண்டு லேத் வைத்திருப்பவருக்கு முதல் வருடத்தில் இரண்டாவது வகைச் சங்கமே அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. பெரிய அரங்கில் தொலைந்துபோவதைவிட, செயலாளர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் மேல்.

சேரும் முன்பு தெரிந்த உறுப்பினர் ஒருவருடன் விருந்தினராக ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். விண்ணப்பத்தில் உறுப்பினர் ஒருவரின் முன்மொழிவு கேட்கும் வழக்கமும் உண்டு என்பதால் அந்தப் பழக்கம் அப்போது உதவும்.

படி 3: செய்தியைத் தொழில்காரராகப் படியுங்கள்

நாளிதழின் கோவைப் பக்கம், சங்கத்தின் சுற்றறிக்கை, சங்கத்தின் வாட்ஸ்அப் குழு இந்த மூன்றும் போதும். ஆனால் படிக்கும் விதம் வேறு. பதவியேற்பு விழா, பொன்னாடைப் படங்களைத் தள்ளிவிட்டு, கோரிக்கை, காலக்கெடு, கருத்தரங்கு என்ற மூன்று வகைச் செய்திகளைத் தேடுங்கள்.

ஓர் உதாரணம். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்தபோது, நிலைக்கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் சிறு பட்டறைகளை நெருக்கின. சங்கங்கள் மனுமேல் மனுவாகக் கொடுத்தன. 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுவதும் சிறு, குறுந்தொழில் அமைப்புகள் ஒருநாள் கதவடைப்பு நடத்தின. அந்தச் செய்திகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்குத் தங்கள் இணைப்பு 3ஏ1 பிரிவா, மற்றத் தொழில்களுக்கான 3பி பிரிவா என்று தெரிந்திருந்தது. 12 கிலோவாட்டுக்குள் இருக்கும் குடிசை, குறுந்தொழில்களுக்கு 3ஏ1 என்ற தனிப்பிரிவு உண்டு என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிய வந்தது. உங்கள் மின் அட்டையையும் பில்லையும் எடுத்து வைத்துக்கொண்டு இத்தகைய செய்தியைப் படியுங்கள். சங்கக் கூட்டத்தில் கேட்க ஒரு நல்ல கேள்வி தானாகவே கிடைக்கும்.

படி 4: முதல் கூட்டம்

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். கூட்டம் தொடங்கிய பிறகு மேடைதான் பேசும், முடிந்த பிறகு சாப்பாட்டு வரிசைதான் நகரும். ஆட்கள் நிதானமாகப் பேசுவது தொடங்குவதற்கு முந்தைய தேநீர் வேளையில்தான். போனதும் அலுவலகப் பணியாளரிடம் உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். யார் எந்தத் தொழில், யார் எதைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது தலைவரைவிட அவருக்கே அதிகம் தெரியும்.

சில கூட்டங்களில் புதியவர்களை எழுந்து ஒரு நிமிடம் பேசச் சொல்வார்கள். பெரும்பாலோர் இப்படிப் பேசுகிறார்கள்:

"வணக்கம். நாங்கள் எல்லா வகையான இன்ஜினியரிங் வேலைகளையும் தரமாகவும் குறைந்த விலையிலும் செய்து தருகிறோம். அனைவரும் ஆதரவு தர வேண்டும்."

கேட்டவர் மனதில் ஒன்றும் நிற்காது. எல்லாம் செய்கிறவரிடம் எதைக் கொடுப்பது? இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"வணக்கமுங்க. கணபதியில் இரண்டு சிஎன்சி லேத் வைத்திருக்கிறேன். 40 மில்லிமீட்டர் விட்டம் வரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்ப் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறேன். இரவு ஷிப்டில் ஒரு மெஷின் காலியாக இருக்கிறது. சப்மெர்சிபிள் மோட்டார் செய்பவர்களில், ஷாஃப்ட் வேலையை வெளியே கொடுப்பவர் யாராவது தெரிந்தால் அறிமுகப்படுத்தி வையுங்கள்."

ஊர், இயந்திரம், அளவு, பொருள், காலி நேரம், தேவைப்படும் ஆள் என ஆறும் வந்துவிட்டன. இதைக் கேட்பவர் ஷாஃப்ட் வாங்குபவராக இருக்க வேண்டியதில்லை. அவருடைய மைத்துனருக்கு மோட்டார் கம்பெனி இருக்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் இருக்கும்.

தனியாகப் பேசும்போது முதல் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும். "அண்ணா, நீங்கள் வார்ப்படம் எங்கே போடுகிறீர்கள்?", "இந்த மாதம் லோடு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். வயதில் மூத்தவர்களுக்கு "ஐயா" அல்லது "அண்ணா", பெண் தொழில்முனைவோருக்கு "மேடம்" அல்லது "அக்கா" என்பது இங்கே இயல்பு. எடுத்த எடுப்பில் விலை சொல்லாதீர்கள். பக்கத்தில் நிற்பவரும் அதே வேலையைச் செய்பவராக இருப்பார். உங்கள் விலையைவிட இரண்டு ரூபாய் குறைத்துச் சொல்வதற்கு அவருக்கு அன்று மாலையே போதும்.

கார்டு வாங்கியதும் அதன் பின்பக்கத்தில், ஓரமாகப் போய், தேதியையும் பேசிய விஷயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: "25 எச்பி ஷாஃப்ட், மாதம் 200, பழைய சப்ளையர் தாமதம்." அவரும் உங்கள் கார்டில் எழுத இடம் வேண்டும் என்பதற்காகத்தான் வெறும் பின்பக்கம். மறுநாள் காலை ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். நேற்று எங்கே சந்தித்தோம், என்ன பேசினோம், எந்தக் கிழமை வந்து பார்க்கலாம் என்ற மூன்று விவரங்களோடு நிறுத்திவிடுங்கள். தினமும் பூப்படம் போட்ட காலை வணக்கம் அனுப்புகிறவரின் எண்ணை மியூட்டில் போட்டுவிடுவார்கள். பிறகு நீங்கள் அனுப்பும் கொட்டேஷனும் கண்ணில் படாது.

இன்னொரு விஷயம். சங்கத்தால் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் ஆர்டர் என்று நான் நினைக்கவில்லை, பாக்கி வசூல்தான். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டுவட்டி. இந்தப் பாக்கி மனுக்களை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சில் கோவையிலும் இருக்கிறது. ஆனால் மனுப் போட்டால் அந்த வாடிக்கையாளர் கைவிட்டுப் போவாரா, எந்த நிலையில் போடுவது, அதற்கு முன் யாரை வைத்துப் பேசுவது என்பதையெல்லாம் ஏற்கெனவே அனுபவப்பட்ட உறுப்பினர்தான் சொல்ல முடியும். அவருக்கு நீங்கள் முன்பே பழக்கமாகியிருந்தால்தான் மனம் திறந்து சொல்வார்.

படி 5: காலை உணவுச் சந்திப்புகள்

சங்கங்களைத் தவிர, பரிந்துரைக் குழுக்களும் இருக்கின்றன. அவற்றுள் பெரியது பிஎன்ஐ. 1985இல் அமெரிக்காவில் ஐவன் மைஸ்னர் தொடங்கியது. ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான், வாராவாரம் சந்திப்பு, வருகை கட்டாயம், ஒருவர் மற்றவருக்கு வாடிக்கையாளரைப் பரிந்துரைக்க வேண்டும். கட்டணமும் சங்கச் சந்தாவைவிட அதிகம்.

ஆடிட்டர், இன்டீரியர், அச்சகம், இன்சூரன்ஸ், கேட்டரிங் போன்ற, யாருக்கும் தேவைப்படக்கூடிய தொழில்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஷாஃப்ட் கடைபவருக்கு, குழுவில் பம்ப் கம்பெனிகளோடு தொடர்புள்ள நாலைந்து பேராவது இல்லையென்றால் வாராவாரம் இட்லியும் பொங்கலும்தான் மிச்சம். விருந்தினராகப் போய் உறுப்பினர் பட்டியலைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

படி 6: கண்காட்சி

அவிநாசி சாலையிலுள்ள கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக் கண்காட்சி 1988இல் தொடங்கியது. முதல் முறை ஸ்டால் எடுக்க வேண்டாம், பார்வையாளராகப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கூட்டம் என்பதால் வேலைநாளில், காலையில் போவது நல்லது. சட்டைப் பையில் நீங்கள் கடைந்த ஒரு பீஸை வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பக்கக் கையேட்டைவிட, கையில் வைத்து உருட்டிப் பார்க்கும் ஒரு பீஸ் அதிகம் பேசும். விரல் நகத்தால் ஓரத்தைத் தடவி பர்ர் (கடைந்தபின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு) இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருக்கக் கூடாது.

படி 7: விருது

விருதுகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அரசு விருதுகள் முதல் வகை. தமிழ்நாடு அரசின் எம்எஸ்எம்இ விருதுகளுக்கான அறிவிப்பு நாளிதழ்களில் வரும், மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். தணிக்கை செய்த கணக்கு, வேலைவாய்ப்பு, உற்பத்தி வளர்ச்சி போன்றவற்றைக் காகிதத்தில் காட்ட வேண்டும். இரண்டாவது, துறை அமைப்புகள் நடுவர் வைத்துத் தருபவை. ஏற்றுமதி செய்பவர்களுக்கு 1955இல் தொடங்கிய இன்ஜினியரிங் ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலின் விருதுகள் இதில் அடங்கும்.

மூன்றாவது, தொலைபேசியில் வருவது. "சார், உங்கள் நிறுவனம் ஆண்டின் சிறந்த தொழில்முனைவோர் விருதுக்குத் தேர்வாகியிருக்கிறது" என்று இனிய குரலில் தொடங்கும். நட்சத்திர ஹோட்டல், சினிமா பிரபலம், மேடையில் படம் என்று வளர்ந்து, பேச்சின் கடைசியில் "பதிவுக் கட்டணம்" என்று முடியும். அப்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்: நான் விண்ணப்பிக்கவே இல்லையே, எப்படித் தேர்வானேன்? நடுவர்கள் யார்? பட்டறைக்கு யார் வந்து பார்த்தார்கள்? சென்ற ஆண்டு வாங்கியவரின் எண்ணைத் தருவீர்களா? நான்காவது கேள்விக்குள் பெரும்பாலும் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும். தெரிந்தே காசு கொடுத்து வாங்குவது உங்கள் விருப்பம், ஆனால் அதை விளம்பரச் செலவு என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கொள்முதல் அதிகாரிகளுக்கு எது எந்த வகை என்று நன்றாகத் தெரியும்.

உண்மையான விருதுக்கு விண்ணப்பம் எழுதும் வேலை அறிவிப்பு வந்த பிறகு தொடங்குவதல்ல. வருடம் முழுக்க ஒரு ஃபைலில் சேர்த்துவாருங்கள்: மாதாந்திர உற்பத்தி எண்ணிக்கை, ரிஜெக்ஷன் (தரமில்லாமல் கழிக்கப்பட்ட பீஸ்கள்), வேலை செய்பவர்களின் பிஎஃப் விவரம், வாடிக்கையாளர் அனுப்பிய பாராட்டு மின்னஞ்சல், இயந்திரத்தை மாற்றும் முன்னும் பின்னும் எடுத்த படங்கள். "தரத்தில் சமரசம் செய்வதில்லை" என்ற வரி எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். "புதிய கேஜ் (அளவு சரிபார்க்கும் கருவி) வைத்த பிறகு 100க்கு 6 ஆக இருந்த ரிஜெக்ஷன் 2 ஆனது" என்ற மாதிரி வரி இருந்தால் நடுவர் நிறுத்திப் படிப்பார்.

படி 8: நாளிதழுக்குச் செய்திக்குறிப்பு

விருதோ, புதிய இயந்திரமோ, சங்கத்தில் நீங்கள் நடத்திய பயிற்சி முகாமோ, ஊருக்குத் தெரிய வேண்டியது நடந்தால் நிருபருக்கு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். முதல் வரியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது என்பது வந்துவிட வேண்டும். யூனிகோடு எழுத்தில் அனுப்புங்கள். ஸ்கேன் செய்த லெட்டர்பேடைத் திரும்பத் தட்டச்சு செய்ய அங்கே யாருக்கும் நேரமில்லை. மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது.

படம் ஒன்றே போதும், பட விளக்கத்தில் இடமிருந்து வலமாகப் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். இன்ஷியலைச் சரிபாருங்கள். சங்கத் தலைவரின் இன்ஷியல் தவறினால் உங்கள் செய்தியைவிட அதுதான் பேசப்படும். பொன்னாடை போடும் படத்துக்குப் பதிலாக, இயந்திரத்தின் அருகே வேலையாட்களோடு நிற்கும் படத்தை அனுப்பினால் பக்க வடிவமைப்பாளருக்கே ஒரு மாறுதலாக இருக்கும்.

செய்தி வராவிட்டால் "ஏன் போடவில்லை" என்று கேட்காதீர்கள். வந்திருந்தால் ஒரு வரி நன்றி போதும். கூடவே "மின்கட்டணம், மூலப்பொருள் விலை, ஆள் பற்றாக்குறை பற்றிக் கருத்து வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், என்னிடம் மாதவாரிக் கணக்கு இருக்கிறது" என்று சொல்லிவையுங்கள். இரும்பு விலை ஏறும் வாரத்தில் அவர் கூப்பிடுவார்.