கோரஸும் சின்தசைசர் ஆர்கெஸ்ட்ராவும்: பின்னணி இசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்தசைசரில் உருவாக்கிய ஆர்கெஸ்ட்ராவோடு உண்மையான கோரஸைச் சேர்க்கும் திரைப்படப் பின்னணி இசையில், பெரும்பாலான தவறுகள் மிக்சிங்குக்கு வரும் முன்பே, இசையை எழுதும்போதே நேர்ந்துவிடுகின்றன. கோரஸையும் கீபோர்டில் உள்ள இன்னொரு ஒலியாகக் கருதி எழுதுவதே அவற்றுக்கு வேர்.

மூச்சை மறந்துவிடுவது அவற்றுள் முதலாவது. விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் கீபோர்டின் ஒலி ஓயாது. அந்தப் பழக்கத்தில் எழுதிய நீண்ட சுரங்களைப் பாடகர்களிடம் கொடுத்தால், எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்க, அங்கே இசையில் பள்ளம் விழும். 1960களில் வந்த, ஒலிநாடாவில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டான மெல்லோட்ரானில் ஒவ்வொரு விசைக்கும் சுமார் 8 வினாடிகளே ஓடும் ஒலிநாடா இருந்ததால், வாசிப்பவர் விரலை எடுத்தே ஆக வேண்டியிருந்தது. இன்றைய கருவிகளில் அந்தக் கட்டாயம் இல்லை என்பதால், மூச்செடுக்கும் இடங்களை இசையமைப்பாளரே தாளில் குறித்து, நீண்ட சுரங்களில் பாடகர்கள் மாறி மாறி மூச்செடுக்கும்படி சொல்லிவிட வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் சுருதியில் இருக்கிறது. சின்தசைசர் பொதுவாக ஒரு ஸ்தாயியை 12 சமப் பங்குகளாகப் பிரித்துக்கொண்டு அசையாமல் நிற்கும்; சேர்ந்து பாடும் குரல்களோ காதுக்கு இணக்கமான தூய இடைவெளியை நாடும். ஷட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் சமப் பங்கு முறையில் 400 சென்ட் (சுருதி இடைவெளியின் அளவு; ஒரு ஸ்தாயி 1200 சென்ட்), தூய முறையில் ஏறக்குறைய 386 சென்ட். கோரஸ் காந்தாரத்தில் நிற்கும்போது சின்தசைசர் வயலின்களும் அதே காந்தாரத்தைப் பிடித்தால், இந்த 14 சென்ட் வேறுபாடு உரசலாகக் கேட்கும். பலர் உடனே குரல்களைச் சுருதி திருத்தும் மென்பொருளான பிட்ச் கரெக்‌ஷனில் போட்டு இழுக்கிறார்கள்; குரலின் உயிரைப் போக்கும் வேலை அது. கருவிகளிடமிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு, ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் கொடுப்பதே மேல். பஞ்சமத்தில் வேறுபாடு 2 சென்ட் அளவே.

எடிட்டிங்கில் நேரும் தவறும் ஒன்றுண்டு. தேர்ந்த கோரஸ் ‘ச’ என்று பாடும்போது அதன் மெய்யொலி தாளத்துக்குச் சற்று முன்னே வர, ‘அ’ என்ற உயிரொலிதான் தாளத்தில் விழும். திரையில் தெரியும் அலைவடிவத்தின் தொடக்கத்தைத் தாளக் கோட்டோடு ஒட்டிவைத்தால், சரியாகப் பாடிய கோரஸ் பின்தங்கியதுபோல் ஒலிக்கும்.

எதிரொலியைப் பொறுத்தவரை, கோரஸையும் சின்தசைசரையும் எதிரொலி சேர்க்கும் ஒரே ரிவெர்பில் செலுத்தினால் பெரும்பாலும் போதும். வசனம் ஓடும் காட்சியில் மட்டும் கோரஸுக்குச் சொற்களைக் கொடுக்கக் கூடாது; பார்வையாளரின் காது இரண்டு பேச்சுகளுக்கிடையே அல்லாடும். அங்கே ‘ஊ’ என்ற ஓசையே போதும், சொற்கள் வசனம் முடிந்தபின் தொடங்கலாம்.