அடுத்து எந்த கேமைச் செய்வது? நோட்டில் கிடக்கும் ஐடியாக்களில் ஒன்றை எடுக்கும் வழி

முதல் கேமை எப்படியோ முடித்துவிட்டீர்கள். பந்து சுவரில் பட்டுத் திரும்பியது, ஸ்கோர் ஏறியது, வாட்ஸ்அப்பில் இரண்டு நண்பர்கள் கட்டைவிரல் காட்டினார்கள். அதற்குள் நோட்டில் பத்துப் பன்னிரண்டு ஐடியா சேர்ந்திருக்கும். இந்த வாரம் ஒன்றைத் தொட்டு, அடுத்த வாரம் இன்னொன்றுக்குத் தாவி, மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பாதியில் நிற்கும் ஃபோல்டர்கள்தான் மிச்சம். என் கம்ப்யூட்டரில் அப்படி ஒன்பது இருந்தன.

வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டு, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கேம் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது கோடோ 4 என்ற கேம் செய்யும் மென்பொருள். நீங்கள் யூனிட்டியோ வேறு எதுவோ வைத்திருந்தாலும் முறை மாறாது. சென்ற முறை என் நோட்டில் மோதிக்கொண்டிருந்த நான்கு ஐடியாக்களை வைத்தே சொல்கிறேன்.

முதலாவது, டவுன் பஸ் கண்டக்டர். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் எல்லோருக்கும் டிக்கெட் கிழித்துச் சில்லறை கொடுக்க வேண்டும். இரண்டாவது, ஆடுபுலி ஆட்டம், கம்ப்யூட்டரை எதிர்த்து. மூன்றாவது, மொட்டை மாடியில் காயும் வடாமைக் காக்கைகளிடமிருந்து காப்பது. நான்காவது கப்பல்: மிளகு ஏற்றிக்கொண்டு கடல் கடந்து போய் விற்று, கப்பலைப் பெரிதாக்கி, கொள்ளையரோடு மோதி, துறைமுகம் துறைமுகமாகப் பேர் வாங்கி... மூன்று வருடமாக மனதில் ஓடுகிறது. 27 பக்கம் எழுதியும் வைத்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் கப்பல். எது நன்றாக வரும் என்று பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் பஸ்.

படி 1: ஒரு வாக்கியம், அதில் ஒரு வினைச்சொல்

ஒவ்வொரு ஐடியாவையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். கதை வேண்டாம், உலகம் வேண்டாம். ஆடுகிறவரின் கை நிமிடத்துக்கு நிமிடம் என்ன செய்கிறது என்பது மட்டும். தட்டுகிறதா, இழுக்கிறதா, குறிபார்க்கிறதா, அடுக்குகிறதா?

ஏழே நாளில் கேம் செய்யும் ஒரு சவாலுக்காக (‘ஜாம்’ என்பார்கள்) 2013-ல் உருவான சூப்பர்ஹாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நகர்ந்தால்தான் நேரமும் நகரும். அவ்வளவுதான் ஐடியா. அதே வாக்கியத்தை வைத்துத்தான் 2016-ல் முழு கேமும் வந்தது. அதே 2013-ல் வியட்நாமின் டாங் நுயென் வெளியிட்ட ஃபிளாப்பி பேர்டின் வினைச்சொல் ‘தட்டு’. கோடிக்கணக்கான பேரின் தூக்கத்தைக் கெடுக்க அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

என் பட்டியலில் வடாமுக்கு ‘விரட்டு’, பஸ்ஸுக்கு ‘சில்லறை கொடு’, ஆடுபுலிக்கு ‘மடக்கு’ என்று எழுதினேன். கப்பலுக்கு எழுத உட்கார்ந்தால் காற்புள்ளி மேல் காற்புள்ளியாக வாக்கியம் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படி ஓடினால் அது ஒரு கேம் இல்லை, நான்கைந்து கேம் ஒரே கோணியில் கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

படி 2: உண்மையான நேரத்தை எண்ணுங்கள்

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? ஆசைக்குச் சொல்லாமல், போன மாதம் நிஜமாக உட்கார்ந்த நேரத்தைச் சொல்லுங்கள். எனக்கு 5 மணி நேரம். மூன்று மாதத்தில் முடிப்பது என்று வைத்தால் 12 வாரம், 60 மணி நேரம். இதில் பாதியை அப்படியே கழித்துவிடுங்கள். தொடக்கத் திரை, இடைநிறுத்தம், சத்தம் கூட்டுவது குறைப்பது, ‘மறுபடி ஆடு’ பொத்தான், போன் திரையில் எழுத்து வெட்டுப்படுவதைச் சரிசெய்வது என்று யார் கண்ணிலும் படாத வேலைகள் அதை விழுங்கிவிடும். ஆக, ஆட்டத்துக்கென்று கையில் இருப்பது 30 மணி நேரம்.

“ஸ்டார்டியூ வேலியை ஒரே ஆள்தானே செய்தார்” என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். எரிக் பரோன் புரோகிராம், படம், இசை எல்லாம் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். அதற்கு அவருக்கு நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்து செய்த வேலை அல்ல.

படி 3: செய்ய வேண்டிய பொருட்களை எண்ணுங்கள்

ஒரு பேப்பரில் தேவையான படங்கள், சத்தங்கள், திரைகள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். நான் போடும் கணக்கு: ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு சத்தத்துக்கு அரை மணி. உங்கள் கை வேகமானால் குறைத்துக்கொள்ளுங்கள்.

வடாமுக்குப் பறக்கும் காக்கை, உட்கார்ந்த காக்கை, வேட்டி, வடாம், மாடி, கை என்று எட்டுப் படத்துக்குள் முடிந்தது. நான்கு சத்தம். பத்து மணி நேரம். பஸ்ஸுக்குப் பயணிகள், நோட்டுகள், நாணயங்கள், பஸ்ஸின் உட்புறம் என்று முப்பதைத் தொட்டது. அதாவது மொத்த நேரமும் படம் வரையவே சரி. ஆடுபுலிக்கு ஒரு பலகை, இரண்டு காய். கப்பலுக்கு மூன்றாவது துறைமுகத்தோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். 27 பக்கமும் பரணுக்குப் போனது. கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லவில்லை.

படி 4: தெரியாத விஷயம் ஒன்றுக்கு மேல் வேண்டாம்

இதுவரை செய்தே பார்க்காத தொழில்நுட்பம் ஒவ்வோர் ஐடியாவிலும் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று இருந்தால் நல்லது, கற்றுக்கொள்ளலாம். இரண்டு இருந்தால் எங்கே தவறு என்று கண்டுபிடிப்பதற்குள் ஆர்வம் போய்விடும். ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடுவது என்று எழுதியிருந்தால் அதையே மூன்றாக எண்ணுங்கள்.

சின்னதாகத் தெரிகிற விஷயமும் காலை வாரும். தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். கோடோ 3-ல் ‘கொ’, ‘கெ’ போன்றவற்றின் கொம்பும் காலும் இடம் மாறி விழும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4-ல் அந்தச் சிக்கல் தீர்ந்தது. சரி, தீர்ந்தது என்று நம்பி முதல் கேமை பிரவுசருக்கு ஏற்றினேன். என் கம்ப்யூட்டரில் அழகாக இருந்த எழுத்தெல்லாம் நண்பன் போனில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. காரணம் எளிது: கோடோவுடன் வரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. என் கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் எழுத்துருவைக் கடன் வாங்கிக் காட்டியிருக்கிறது. பிரவுசரில் அந்தக் கடன் கிடைக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஓர் இலவச எழுத்துருவை புராஜெக்டுக்குள்ளேயே போட்டுவிட்டால் முடிந்தது. ஐந்து நிமிட வேலைக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.

ஆடுபுலியில் எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: கம்ப்யூட்டரை யோசிக்க வைப்பது. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலிக்கு யோசனை சொல்லித் தருவது சுலபம். தாண்ட ஆடு இருந்தால் தாண்டு என்றாலே பாதி ஆட்டம் வந்துவிடும். ஆடுகள் பக்கம்தான் வினை. நாலைந்து நகர்த்தலுக்கு அப்பால் பார்த்து, ஒன்றுக்கொன்று முதுகு கொடுத்து நின்று, புலியை நகர விடாமல் அடைக்க வேண்டும். எதிராளி மக்காக ஆடினால் அதைப் படத்தாலோ சத்தத்தாலோ மறைக்க முடியாது. கம்ப்யூட்டர் எதிராளியை எழுதக் கற்றுக்கொள்வதுதான் உங்கள் நோக்கம் என்றால் தயங்காமல் இதை எடுங்கள்; விதிகள் எல்லாம் நம் பாட்டிகள் சோதித்துக் கொடுத்தவை. எனக்கு இந்த முறை அது நோக்கம் இல்லை.

படி 5: இரண்டு மாலை, கட்டமும் வட்டமும்

இதுவரை செய்ததெல்லாம் வடிகட்டல்தான். உண்மையான தேர்வு இங்கே நடக்கிறது. மிச்சமிருக்கும் இரண்டு அல்லது மூன்று ஐடியாக்களை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாலை என்று ஒதுக்கி, ஆடிப் பார்க்கும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள். படம் கூடாது, இசை கூடாது, தொடக்கத் திரை கூடாது. வண்ணக் கட்டங்கள் போதும்.

இது பழைய வழிதான். 2005-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், ஒரு கேமை ஒரே ஆள் ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டு சின்னச் சின்ன கேம்களாகச் செய்து தள்ளினார்கள். அதில் ஒன்று பிற்பாடு வேர்ல்ட் ஆஃப் கூ ஆனது. 2018-ல் வந்த செலஸ்ட்டும் முதலில், 128க்கு 128 பிக்சல் திரை மட்டுமே உள்ள பிக்கோ-8 என்ற கேம் மென்பொருளில், இரண்டு பேர் நான்கு நாளில் செய்த குட்டி கேம்தான்.

முதலில் பஸ்ஸை எடுத்தேன். பயணி என்ற நீலக் கட்டம் 20 ரூபாய் நீட்டும், டிக்கெட் 13 ரூபாய், கீழே இருக்கும் நாணயங்களை அழுத்தி 7 ரூபாய் திருப்பித் தர வேண்டும். ஒரு மாலையில் முடிந்தது. ஆறாவது பயணி வரை சிரித்துக்கொண்டே ஆடினேன். பத்தாவது பயணியில் புரிந்தது, இது நான்காம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. இரண்டாவது மாலை வேகத்தைக் கூட்டினேன். வேகமான கணக்குப் பரீட்சை ஆனது.

அடுத்தது வடாம். கோடோவில் செய்தது இவ்வளவுதான்:

திரை நடுவில் வெளிர் மஞ்சள் செவ்வகம், அது வேட்டி. அதன் மேல் 20 வெள்ளைப் புள்ளி. ஒரு டைமர் 2 விநாடிக்கு ஒருமுறை திரையின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டத்தைப் பிறப்பிக்கும். அது கிட்டத்தில் உள்ள புள்ளியை நோக்கி விநாடிக்கு 80 பிக்சல் வேகத்தில் வரும். தொட்டால் ஒரு விநாடி நிற்கும், அப்புறம் புள்ளியைத் தூக்கிக்கொண்டு போகும். மவுஸை அழுத்தினால் கைதட்டல். அந்த இடத்திலிருந்து 100 பிக்சலுக்குள் இருக்கும் கட்டங்கள் எல்லாம் பயந்து திரும்பும்.

முதல் மாலை மகா அலுப்பு. மவுஸைப் படபடவென்று அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரு காக்கையும் கிட்டே வராது. இரண்டாவது மாலை ஒரே ஒரு வரி சேர்த்தேன்: தட்டிய பிறகு ஒன்றரை விநாடிக்குக் கை ஓயும். உடனே ஆட்டத்துக்கு உயிர் வந்தது. இப்போது தட்டலாமா, அந்த இன்னொன்றும் வரட்டுமா என்று யோசிக்க வேண்டியதாயிற்று. ஒன்பதரை மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்; “இதோ” என்று சொன்னவன் எழுந்தது பத்தேகாலுக்கு. எந்த ஐடியா இப்படிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட வைக்கிறதோ அதற்கு என் நோட்டில் ஒரு நட்சத்திரம்.

படி 6: இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்

அக்கா பையனுக்கு வயது பதினொன்று. லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி, “இதை ஆடு” என்று மட்டும் சொன்னேன். விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லாதீர்கள். கேமோடு உங்களையும் சேர்த்து டவுன்லோடு செய்ய முடியாது.

கறுப்புக் கட்டம் காக்கை என்பதே அவனுக்குத் தெரியாது. ‘எறும்பு’ என்றான். இரண்டு முறை தோற்றான். மூன்றாவது முறை நான் நினைத்தே பார்க்காத ஒன்றைச் செய்தான். விரட்டாமல் காத்திருந்தான். ஒரு வெள்ளைப் புள்ளியைப் பலிகொடுத்து, மூன்று கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் ஒரே தட்டு. “மூணு போச்சு!” என்று கத்தினான். ஸ்கோரே இல்லாத ஆட்டத்தில் அவனாகவே ஸ்கோர் வைத்துக்கொண்டான்.

அதே மாலை பஸ்ஸையும் கொடுத்தேன். நான்கு பயணிக்கு அப்புறம் “அந்த எறும்பு கேம் போடுங்க மாமா” என்றான். தேர்வு முடிந்தது.

ஒருவேளை இரண்டுமே நன்றாக வந்தால் எப்படி முடிவு செய்வது? எதை ஆட்களிடம் சீக்கிரம் சேர்க்க முடியுமோ அதை எடுங்கள். பிரவுசரில் ஓடுகிற கேமை இட்ச் டாட் ஐஓ தளத்தில் காசில்லாமல் ஏற்றி லிங்கை அனுப்பிவிடலாம். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளம் என்றால் ஒவ்வொரு கேமுக்கும் 100 டாலர். கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டாலர், அதோடு புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர்கள் 12 பேரைச் சேர்த்து, தொடர்ந்து 14 நாள் சோதனை ஓட்டம் நடத்த வேண்டும். இரண்டாவது கேமுக்கே அந்தப் பன்னிரண்டு பேரைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் கட்சி.

படி 7: மற்றவற்றைப் பரணில் ஏற்றுங்கள்

தோற்ற ஐடியாக்களை அழிக்காதீர்கள். ‘பரண்’ என்றே ஒரு ஃபோல்டர் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏன் ஏற்றினீர்கள் என்று ஒரு வரியும் தேதியும் எழுதுங்கள். எடுத்த கேம் முடியும்வரை அந்த ஃபோல்டரைத் திறக்கக் கூடாது. நடுவில் புது ஐடியா வரும், கட்டாயம் வரும். அதிலும் இருப்பது அலுக்கிற ஐந்தாவது வாரத்தில்தான் பளபளவென்று வரும். ஒரு வரி எழுதிப் பரணில் போட்டுவிட்டு வடாமுக்குத் திரும்புங்கள்.

ஆடுபுலிக்கு நான் எழுதிய வரி: ‘ஆடுகளை யோசிக்க வைக்கக் கற்ற பிறகு.’ கப்பலுக்கு: ‘27 பக்கத்தில் மிளகு விலை பேசுவதை மட்டும் தனி கேமாகப் பார்க்கலாம்.’ பஸ்ஸுக்கு எழுத யோசித்தபோது, ஆடிக்கொண்டிருந்த பையன் நடுவில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது: “கண்டக்டர் ஏன் நடக்கவே மாட்டேங்கறார்?” அதனால் இப்படி எழுதி வைத்தேன்: ‘சில்லறை வேண்டாம். நிற்க இடமில்லாத பஸ்ஸில் பின்படிக்கட்டு வரை போய்ச் சேருவதுதான் ஆட்டம்.’