காப் மீன் வளர்க்க இறங்கும் தம்பிமாருக்கு

தெரிந்த பெடியள் சிலர் வயலோரம் மீன்குட்டை வெட்டுகிறார்கள். சந்தோசம். தீவனத்தை அள்ளிக் கொட்டாதே, நடுவெயிலில் குஞ்சு விடாதே என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வருவது வேறு: காப் மீனைக் குளத்துக்குத் தப்பவிடும் பிழைகள்.

குட்டைத் தண்ணீரை வாய்க்காலுக்கு வெட்டிவிடுவது

இதைக் கண்டால் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வரும். மாரியில் குட்டை நிரம்பியதும், கட்டு உடைந்துவிடுமே என்று ஒரு மூலையை மண்வெட்டியால் கொத்தித் திறந்துவிடுகிறார்கள். வலை கட்டுவதில்லை. தண்ணீரோடு கொமன் காப்பும் (சாதாரணக் காப், வெளிநாட்டு மீன்) போகிறது. கேட்டால், "குளத்துக்குத்தானே அண்ணை போகுது, அரசாங்கமும் குஞ்சு விடுதுதானே" என்கிறான் ஒரு தம்பி.

விடுகிறது, சரி. ஆனால் கட்லா, ரோகு, மிரிகால் என்ற இந்தியக் காப் இனங்கள் எல்லாம் வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும், தேங்கிய குளத்தில் பெருகாது. அதனால்தான் திரும்பத் திரும்பக் குஞ்சு விடுகிறார்கள். கொமன் காப்புக்கு ஓடும் தண்ணீர் தேவையில்லை. கரையோரப் பாசிச்செடியில் முட்டையை ஒட்டிவிடும். பெரிய மீன் ஒன்றே இலட்சக்கணக்கில் இடும்.

அது மேய்வதைப் பாருங்கள். தலையைக் கீழே குத்தி, வாயை நீட்டிச் சேற்றை உறிஞ்சும். புழுவை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பும். பாசி வேரோடு மிதக்கும். தண்ணீர் தேத்தண்ணி நிறமாகும், வெளிச்சம் இறங்காது, பிறகு பாசி எங்கே முளைக்கும்? விரால் கூடு வைப்பது அந்தக் கரையோரப் புல்லுக்குள்தான். சிவந்த குஞ்சுக் கூட்டத்தைத் தாயும் தகப்பனும் நின்று காப்பதும் அங்கேதான்.

வன்னிக் குளங்கள் தனித்தனியாக இல்லை. மேல்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு. கனகராயன் ஆற்றில் இன்று விட்டது நாளைக்கு இரணைமடுக் குளத்தில் நிற்கும். பிறகு பிடித்து முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்த திலாப்பியா இல்லாத குளம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் மரே-டார்லிங் ஆறுகளில் காப்பை ஒழிக்க இன்றைக்கும் பாடுபடுகிறார்கள்.

குட்டையின் கட்டினை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். தண்ணீர் போகும் வாயில் சின்னக்கண் வலையை இரட்டையாகக் கட்டுங்கள். முடிந்தால் ஐப்பசிக்கு முன்பே பிடித்து விற்றுவிடுங்கள்.

குஞ்சைப் பார்க்காமல் வாங்குவது

கட்லா என்று சொல்லித் தரும் பையில் கொமன் காப்பும் கலந்திருக்கும். ஒன்றிரண்டைக் கையில் எடுங்கள். வாயோரம் இரண்டு சோடி மீசை இருந்தால் அது கட்லா இல்லை, கட்லாவுக்கு மீசையே கிடையாது. கொஞ்சம் வளர்ந்த குஞ்சென்றால் முதுகுச் செட்டையின் முன்முள்ளைப் பின்பக்கமாகத் தடவுங்கள். கொமன் காப் என்றால் பல்லுப் பல்லாக விரலில் கொளுவும்.

அடுத்த குட்டைப் பாசியை எடுத்து வருவது

முட்டையும் சேர்ந்து வரும். வேண்டாம்.

விராலைப் பகைப்பது

குட்டைக்குள் வந்தால் பிடித்துக் கறி வையுங்கள். குளத்தில் நிற்பதை விட்டுவிடுங்கள். தப்பிப் போகும் காப் குஞ்சை நீர்க்காகத்தைப் போல அதுவும் தின்னும்.

கோயி மீன்

அழகுக்கு வளர்க்கும் அதுவும் காப்தான், நிறம் மட்டும் வேறு. அலுத்துவிட்டால் குளத்தில் விடாதீர்கள், கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று கேளுங்கள்.