லைசென்ஸை டிஜிலாக்கரில் ஒழுங்காக எடுத்து வைப்பது எப்படி?

டிஜிட்டல் இந்தியா திட்டம் 2015 ஜூலை 1-ல் தொடங்கியது. அதற்குள் ஏகப்பட்ட சமாச்சாரம் இருந்தாலும், பைக் ஓட்டுகிறவருக்கு அன்றாடம் உதவுவது, ஆவணங்களைப் போனிலேயே வைத்துக்கொள்ள அரசு தரும் ஆப்பான டிஜிலாக்கர்தான். அதையும் பலர் தப்பாகவே பயன்படுத்துகிறோம். நான் லைசென்ஸை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அதில் ஏற்றிவிட்டு, வண்டித் தணிக்கையில் தைரியமாக நீட்டினேன். "இது நீங்க எடுத்த போட்டோ, தம்பி" என்றார் தணிக்கை செய்த அதிகாரி. அபராதம் கட்டினேன், வேறென்ன செய்ய.

அவர் சொன்னது சரிதான். நாமாக ஏற்றுகிற கோப்பு வெறும் நகல். 'இஷ்யூடு டாக்குமென்ட்ஸ்' பகுதியில் வருவதோ அரசுப் பதிவேட்டிலிருந்து நேராக வருவது, அசலுக்குச் சமமாகச் செல்லுவது அது மட்டும்தான். மோட்டார் வாகன விதியை 2018-ல் திருத்தி, மின்னணு வடிவில் காட்டினாலே போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

முதலில், ஆதாரில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். பழைய எண் என்றால் ஆதார் மையத்துக்குப் போய் மாற்றிவிட்டு வாருங்கள். அப்புறம் ஆப்பில் கணக்குத் தொடங்கி, ஆறு இலக்க பின் நம்பர் வைத்து, 'டிரைவிங் லைசென்ஸ்' என்று தேடி, லைசென்ஸ் எண்ணைப் போட்டால் வந்துவிடும்.

வந்துவிடும் என்கிறேன், ஆனால் நம் ஊரில் பாதிப் பேருக்கு இங்கேதான் மாட்டும், காரணம் இனிஷியல். ஆதாரில் 'செந்தில்குமார் கே', லைசென்ஸில் 'செந்தில்குமார் கண்ணன்' என்று இருந்தால் நமக்கு ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். அவசரப்பட்டு ஆதாரில் கை வைக்காதீர்கள். அதில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கிறபடி ஆதார் இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, ஆர்டிஓ ஆபீஸில் லைசென்ஸைத் திருத்துங்கள்.

புத்தக வடிவில் இருந்த பழைய லைசென்ஸ் சிலது கம்ப்யூட்டரில் ஏறியே இருக்காது. அதையும் ஆர்டிஓ ஆபீஸில்தான் ஏற்றச் சொல்ல வேண்டும்.

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சிக்கும் இதே வழிதான், வண்டி எண்ணோடு சேசிஸ் எண்ணும் கேட்கும். வண்டி அப்பா பெயரில் இருந்தால் உங்கள் கணக்கில் வராது, அவர் போனில்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆர்சி அட்டை இன்னும் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது.