சி.எஸ்.ஆர் பணத்தில் கண்மாய், காடு, பள்ளிக்கூடம்: எங்கே சறுக்குகிறது?

கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும் ஏற்பாடுதான் சி.எஸ்.ஆர். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம். கம்பெனி பேனர், மரக்கன்று, போட்டோ எல்லாம் தயார். மழை மட்டும் தயாரில்லை. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் நல்ல மழை ஐப்பசியில்தான். ஜூனில் நட்ட கன்று அதுவரை தாங்குவது கஷ்டம். கூண்டும் அதில் தொங்கும் பெயர்ப்பலகையும் தாங்கிவிடும். ஐப்பசியில் நட்டு, அடுத்த கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள்கூலிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குவதுதான் முறை.

ஏன் அப்படிச் செய்வதில்லை என்று கேட்டால், மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும் என்பார்கள். பாதி உண்மை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, வரம்புக்குள் வரும் நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2% செலவிட வேண்டும். ஆனால் தொடர்திட்டம் என்று முதலிலேயே தீர்மானித்தால், தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம். மீதிப் பணத்தை ஏப்ரல் 30-க்குள் தனிக் கணக்கில் போட்டால் போதும். தெரிந்தும் ஓராண்டுத் திட்டமாகவே எழுதுகிறார்கள், அதுதான் சுலபம். அதனால் என்ன ஆகிறது? சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை என்ற கடலாமை ஜனவரி முதல் முட்டையிடும். குஞ்சு பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். மார்ச்சோடு காவலுக்கு இருப்பவரின் கூலி நின்றால், கடைசியாக இட்ட முட்டைகளை யார் பார்ப்பது?

அதிகப் பணம் போவதும் அதிகம் கெடுவதும் கண்மாய் வேலையில். ஜே.சி.பி இறங்கும், நடுவில் ஆழமாகத் தோண்டும், எடுத்த மண்ணில் ஒரு தீவு, கரையில் நடைபாதை, அப்புறம் திறப்பு விழா. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். தண்ணீர் எப்படி வரும்? முதலில் வரத்துக்கால், அடுத்து வயலுக்குத் தண்ணீர் விடும் மதகும் மிகுதி நீர் வழியும் கலுங்கும், தூர் வாருவது அதற்குப் பிறகுதான். கரையை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனமாகும். ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் கணுக்கால் தண்ணீரில் நின்று மேயும் உள்ளானுக்கும் கொக்குக்கும் இடமில்லை. சீமைக் கருவேலத்தை அகற்றுகிறோம் என்று, பறவை கூடு கட்டும் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவது இன்னொரு கூத்து. வரைபடம் போடும் முன் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் ஊர் நீர்ப்பாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு கரையை ஒரு சுற்றுச் சுற்றினால் இதில் பெரும்பாலானது நடக்காது. அனுமதி விஷயம்: 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும்.

ஊருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து "விழிப்புணர்வு முகாம்" போடுவதும் தவறு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காக, பக்கத்தில் உள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அவர்களிடம் போய்ப் பறவையைக் காப்பாற்றுங்கள் என்று ஸ்லைடு காட்டுவதா? கண்மாயில் என்ன பழுது, எது கையைக் கடிக்கிறது என்று கேட்டு அதற்குக் கொடுங்கள்.

பள்ளிகளில் ஓவியப் போட்டி, தொப்பி, டி-ஷர்ட், பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர். ஒரே நாளில் முடிந்துவிடும். அதே காசுக்கு நாலைந்து பைனாகுலர் வாங்கி, ஒரு ஆசிரியரின் பஸ் செலவையும் ஏற்றால், ஒரு வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கண்மாய்ப் பறவைகளை மாதாமாதம் எண்ணி எழுதலாம். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகள் தயாரிக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கும் (ஊரின் உயிரினங்களைப் பற்றிய பதிவு) அது உதவும்.

பணம் வாங்கும் தொண்டு அமைப்புகள் பக்கத்திலும் தவறு உண்டு. நிர்வாகச் செலவுக்கான 5% உச்சவரம்பு, பணம் கொடுக்கும் கம்பெனியின் சொந்த நிர்வாகத்துக்கானது. அதை நம் களப்பணியாளர் சம்பளத்துக்கு என்று நினைத்து, கூலியைக் குறைத்து எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் தவிக்கிறார்கள். அடுத்து, 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகளும், சி.எஸ்.ஆர் பணம் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவும் இல்லாத கண்மாய்ச் சங்கத்துக்குப் பணம் நேரடியாக வராது. ஏதாவது அறக்கட்டளை வழியாகத்தான் வரும். ஒப்பந்தம் கம்பெனிக்கும் அறக்கட்டளைக்கும் நடுவில் மட்டும் இருந்தால், வேலை பாதியில் நின்றால் கேட்க ஊருக்கு ஒரு காகிதம்கூட இருக்காது. சங்கத்தையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன், அந்தக் கம்பெனியின் கழிவுநீர் எந்த ஓடையில் விழுகிறது என்றும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.