ஓணம் பம்பர் வாங்குமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

ஓணம் நெருங்கும் வாரங்களில் வாளையாறு, குமுளி, ஆரியங்காவு போன்ற எல்லை ஊர்களின் லாட்டரிக் கடைகள் முன்னால் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் நிற்பது வழக்கம். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரி விற்பனை தடைசெய்யப்பட்டுவிட்டதால், 500 ரூபாய்க்கு 25 கோடி என்னும் கேரள அரசின் திருவோணம் பம்பர் சீட்டை வாங்க விரும்புவோர் எல்லையைக் கடந்தே ஆக வேண்டும். 2023-இல் அந்த முதல் பரிசு தமிழ்நாட்டைச் சேர்ந்த நால்வர் கூட்டாக வாங்கிய சீட்டுக்கு விழுந்தபின் இந்த ஆசைக்கு இன்னும் வலுக் கூடியது. 500 ரூபாய்க்கு அந்தச் சீட்டு தகுமா என்று அறிய சோதிடரும் வேண்டாம், கணித வல்லுநரும் வேண்டாம். பரிசுப் பட்டியல் ஒன்றும் வகுத்தல் கணக்கும் போதும்.

முதலில் செய்ய வேண்டியது, மொத்தப் பரிசுத் தொகையைச் சீட்டுகளின் எண்ணிக்கையால் வகுப்பது. 2023-ஆம் ஆண்டின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பத்து வரிசைகள், வரிசைக்கு 9 லட்சம் எண்கள் என அதிகபட்சம் 90 லட்சம் சீட்டுகள். மொத்தப் பரிசுகள் 5,34,670. மொத்தத் தொகை 125 கோடியே 54 லட்சம் ரூபாய். வகுத்தால் சீட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 139 ரூபாய் 50 காசு வரும். அதாவது, 500 ரூபாய்த் தாளைக் கொடுத்து, சராசரியாக 140 ரூபாய்கூடப் பெறாத ஒரு பொருளை வாங்குகிறோம். மீதி, சரக்கு சேவை வரியாகவும் (அப்போது அது 28 விழுக்காடு, 2025 செப்டம்பரில் 40 ஆக உயர்ந்தது) விற்பவர்களின் கமிஷனாகவும் கேரள அரசின் வருவாயாகவும் பிரிந்துபோகிறது. சீட்டுகள் முழுவதும் விற்காத ஆண்டில், முதல் பரிசு விற்ற சீட்டுகளுக்குள்ளேயே குலுக்கப்படுவதால், இந்தச் சராசரி சில ரூபாய் கூடலாம், அவ்வளவுதான்.

சராசரி என்ற சொல்லும் சற்று ஏமாற்றும் என்பதால், இரண்டாவதாக, அந்த 125 கோடி யாரிடம் போகிறது என்று பார்க்க வேண்டும். என் கணிப்பில் பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். முதல் பரிசு 25 கோடி ஒருவருக்கு, ஒரு கோடி வீதம் 20 பேருக்கு, 50 லட்சம் வீதம் 20 பேருக்கு, 5 லட்சமும் 2 லட்சமும் பத்துப் பத்துப் பேருக்கு, ஆறுதல் பரிசாக 5 லட்சம் வீதம் 9 பேருக்கு என வெறும் 70 சீட்டுகள் 56 கோடிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. அதற்குக் கீழே 2 லட்சத்திலிருந்து பரிசு ஒரேயடியாக 5,000 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. இடையில் ஒன்றுமே இல்லை. அந்த எழுபதுக்குள் வராதவர்களுக்கு, அதாவது நடைமுறையில் நம் எல்லோருக்கும், சீட்டின் மதிப்பு 77 ரூபாய்தான்.

வாய்ப்பையும் இதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஏதேனும் ஒரு பரிசு விழ 17 சீட்டுகளில் ஒன்றுக்கு வாய்ப்பு உண்டு என்பது கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் பரிசுகளில் 2,75,400, அதாவது பாதிக்கும் மேற்பட்டவை, போட்ட 500 ரூபாயையே திருப்பித் தருபவை. போட்டதற்கு மேல் ஒரு ரூபாயாவது கிடைப்பது நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. முதல் பரிசின் வாய்ப்பான 90 லட்சத்தில் ஒன்று என்பதை மனத்தில் நிறுத்துவது கடினம்; ஒருவர் 17 ஆண்டுகளின் அத்தனை நிமிடங்களிலிருந்தும் ஒரே ஒரு நிமிடத்தை மனத்தில் நினைத்துக்கொள்ள, மற்றொருவர் அதை முதல் முயற்சியிலேயே சரியாகச் சொல்வதற்கு ஒப்பானது அது.

மூன்றாவது, வரி. 25 கோடி என்று விளம்பரத்தில் இருந்தாலும் 25 கோடி யார் கைக்கும் வருவதில்லை. பத்து விழுக்காடு, அதாவது இரண்டரைக் கோடி, சீட்டை விற்ற ஏஜென்ட்டுக்குப் போகும்; மீதியில் 30 விழுக்காடு வருமான வரியாகப் பிடிக்கப்பட்டு 15 கோடியே 75 லட்சம் கணக்கில் வரும். கதை அதோடு முடியாது: கூடுதல் வரியையும் கல்வி, சுகாதாரத் தீர்வையையும் வென்றவரே பின்னர் செலுத்த வேண்டும் என்பதால், புதிய வரி முறையில் இறுதியாக நிற்பது ஏறத்தாழ 13 கோடியே 70 லட்சம். இதைத் தெரிந்துகொள்ளாமல் வந்த பணம் முழுவதையும் செலவழித்துவிட்டால், மார்ச் மாதத்தில் கடன் வாங்கி வரி கட்ட நேரிடும். தோற்ற சீட்டுகளின் செலவை இந்த வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருவதில்லை.

பரிசு மிகப் பெரிதாகிவிட்டால் கணக்கு மாறாதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் பவர்பால் போன்று, யாருக்கும் விழாத தொகை அடுத்த குலுக்கலோடு சேர்ந்துகொண்டே போகும் லாட்டரிகளில் அந்தக் கேள்வி நியாயமானது. அங்கே 2 டாலர் சீட்டுக்கு முதல் பரிசு விழும் வாய்ப்பு 29.2 கோடியில் ஒன்று. 2022 நவம்பரில் அந்தப் பரிசு 204 கோடி டாலரைத் தொட்டபோது, உடனடியாகப் பெறக்கூடிய ரொக்கம் 99.76 கோடி டாலர். வாய்ப்பால் வகுத்தால் சீட்டுக்கு 3 டாலர் 40 சென்ட் வருகிறது, விலையைவிட அதிகம்! ஆனால் 37 விழுக்காடு வரை போகும் மத்திய வரியைக் கழித்தால் அது 2 டாலரைச் சற்றே தாண்டி நிற்கும். அதே எண்களை வேறொருவரும் எழுதியிருந்தால் தொகை பாதியாகும். 2016 ஜனவரியில் 158 கோடி டாலருக்கு மேற்பட்ட பரிசு மூன்று சீட்டுகளுக்குப் பிரிந்தது இப்படித்தான். ஓணம் பம்பரில் எண் ஒன்றுக்குச் சீட்டு ஒன்று என்பதால் பங்காளி வரமாட்டார். அதே சமயம் பரிசு சேர்ந்துகொண்டே போவதும் இல்லை. ஆகவே விலையைத் தாண்டும் நாள் என்று ஒன்று இங்கே வரவே வராது.

பத்துச் சீட்டு வாங்கினால் வாய்ப்பு பத்து மடங்காகும் என்பது உண்மைதான். 5,000 ரூபாய் போட்டு 1,400 ரூபாய் எதிர்பார்ப்பதும் அதே அளவு உண்மை. சிறு பரிசுகள் சீட்டின் கடைசி நான்கு எண்களைப் பார்த்தே தரப்படுகின்றன; அந்த நான்கும் எல்லாச் சீட்டுகளிலும் ஒன்றாக வரும்படி ‘செட்’ எடுப்பதால் சராசரி மாறாது. சிறு பரிசு விழுந்தால் எல்லாவற்றுக்கும் விழும், இல்லையேல் எதற்கும் இல்லை. முன்பு பரிசு விழுந்த கடை ராசியான கடை என்பதும் அப்படியே. அதிகம் விற்கும் கடையில் அதிகம் விழத்தான் செய்யும்.

இத்தனைக்குப் பிறகும் வாங்க வேண்டும் என்று தோன்றினால் (தோன்றுவதில் தவறில்லை, ஒரு மாதம் கனவு காண்பதற்கு 360 ரூபாய் விலை என்று ஒப்புக்கொண்டு வாங்குபவரிடம் எனக்கு வழக்கு இல்லை), கூட்டுச் சேர்ந்து வாங்குவதே நல்லது. 2023-இல் மலப்புறம் மாவட்டம் பரப்பனங்காடி நகராட்சியில் கழிவு சேகரிக்கும் பெண்கள் பதினொருவர், ஒன்பது பேர் 25 ரூபாய் வீதமும் இருவர் 12 ரூபாய் 50 காசு வீதமும் போட்டு, 250 ரூபாய்க்கு வாங்கிய மழைக்கால பம்பருக்குத்தான் 10 கோடி விழுந்தது. பரிசு விழாதிருந்தாலும் அவர்கள் யாருக்கும் அன்றைய சமையல் நின்றிருக்காது. கூட்டாக வாங்குவோர் பெயர், பங்கு இரண்டையும் குலுக்கலுக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது அவசியம். கடன் வாங்கியும் வீட்டுச் செலவை ஒதுக்கியும் வாங்குவதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. உண்மையில் கையைக் கடிப்பது ஆண்டுக்கு ஒரு பம்பரைவிடத் தினசரிச் சீட்டுதான். நாளுக்கு 50 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 18,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

வாங்குவதைக் கேரளத்துக்குள், உரிமம் பெற்ற ஏஜென்ட்டிடம், காகிதச் சீட்டாகவே வாங்க வேண்டும். கேரள அரசு இணைய லாட்டரி நடத்துவதில்லை. வாட்ஸ்அப்பில் சீட்டின் படம் அனுப்பிப் பணம் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். வாங்கியவுடன் சீட்டின் பின்புறம் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திட்டு, அதை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கல் முடிந்தபின் எண்ணைக் கேரள அரசிதழில் வெளியாகும் முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 5,000 ரூபாய் வரையுள்ள பரிசைக் கேரளத்தின் லாட்டரிக் கடைகளிலேயே பெறலாம், அதற்கு மேற்பட்டதற்குச் சீட்டை 30 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும்.