பெரிய ஊரில் மலிவாகச் சாப்பிடப் போய் ஏமாறும் இடங்கள்

ஒரு பெருநகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில், மதியம் இரண்டரை மணிக்கு, புகழ்பெற்ற ஒரு நினைவுச் சின்னத்துக்கு எதிரே இருந்த உணவகத்தில் போய் உட்கார்ந்தோம். காலையிலிருந்து நடை. பசியில் யாருக்கும் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. வாசலில் மெனு அட்டையோடு நின்றிருந்தவர் கையைப் பிடித்து இழுக்காத குறை. மீனுக்கு நேரே போட்டிருந்த விலை நியாயமாகத்தான் தெரிந்தது, சொல்லிவிட்டோம். பில் வந்தபோது அந்த விலை நாலரை மடங்காகியிருந்தது. என்ன இது என்று கேட்டதற்கு, சர்வர் மெனுவைத் திறந்து, விலைக்குக் கீழே எறும்பு சைஸில் இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். 100 கிராமுக்கு என்று போட்டிருந்தது. எங்கள் மீன் 450 கிராம்.

மோசடி என்று சண்டை போடவும் முடியாது. எழுதித்தான் வைத்திருந்தார்கள். மீனாவது நன்றாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை.

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் கடை வாசலில் ஒரு கேள்வியை எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடை யாரை நம்பி நடக்கிறது? சில கடைகள் நாளைக்கும் வரப்போகிறவரை நம்பி நடக்கின்றன. சாம்பாரோ சூப்போ எதுவாக இருந்தாலும், இன்று நீர்த்துப் போனால் அவர் நாளை பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் அங்கே உண்டு. வேறு சில கடைகளுக்கு, நீங்கள் இந்த ஜென்மத்தில் திரும்பி வரப்போவதில்லை என்று நன்றாகவே தெரியும். விலையும் ருசியும் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் தீர்மானமாகின்றன. கீழே சொல்லப்போகிற தவறுகள் பலவும் சுற்றி வளைத்து இந்த இரண்டாவது வகைக் கடையில் நம்மைக் கொண்டுபோய் விடுகிறவைதான்.

பசித்த பிறகு கடை தேடுவது

எங்கள் மீன் கதையில் தவறு மேஜையில் நடக்கவில்லை. இரண்டரை மணி வரை எங்கே சாப்பிடுவது என்று யோசிக்காமல் இருந்ததில் நடந்தது. பசி கண்ணை மறைக்கும்போது விலையைக் கூட்டிப் பார்க்கிற பொறுமை யாருக்கும் இருக்காது. காலையில் கிளம்பும்போதே, மதியம் எந்தப் பகுதியில் இருப்போம், அங்கே இரண்டு கடைகள் எவை என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும். ஒன்று மூடியிருந்தால் இன்னொன்று. வாராந்திர விடுமுறையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பையில் பழமோ பிஸ்கட்டோ ஏதாவது கிடக்கட்டும். அது சாப்பாடு ஆகாதுதான், ஆனால் இன்னும் பத்து நிமிடம் நடக்கிற தெம்பைக் கொடுக்கும்.

அந்தப் பத்து நிமிடம்தான் முக்கியம். சுற்றுலாத் தலத்தின் வாசலில் கடை வைத்திருப்பவர் கட்டுகிற வாடகை கடைசியில் உங்கள் தட்டின் மேல்தான் வந்து உட்காரும். இரண்டு திருப்பம் திரும்பி, புகைப்படம் எடுக்கத் தோன்றாத ஒரு சாதாரணத் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். மருந்துக்கடை, செருப்புத் தைக்கிறவர், பள்ளிக்கூடம், துணி தேய்க்கிற கடை என்று தென்பட ஆரம்பித்தால் சரியான தெருவுக்கு வந்துவிட்டீர்கள்.

தவறான ஆளிடம் தவறான கேள்வி

"இங்கே நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால், யாராக இருந்தாலும் விருந்தாளிக்குச் சொல்கிற பதிலைத்தான் சொல்வார்கள். அந்த ஊரின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று, தாங்களே வருடத்துக்கு ஒரு முறை பிறந்தநாளுக்குப் போகிற ஏசி ஹாலைக் கை காட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, கேள்விதான் தப்பு. "நீங்கள் மதியம் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நொடி உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள், அப்புறம் நிஜமான பதில் வரும்.

யாரிடம் கேட்பது என்பதும் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் டிக்கெட் கிழிக்கிறவர், வங்கி வாசலில் நிற்கும் காவலாளி, புத்தகக் கடையில் வேலை செய்கிற பெண் ஆகியோர் தினமும் அந்தப் பகுதியில் தங்கள் சம்பளத்துக்குள் சாப்பிட்டாக வேண்டியவர்கள். உங்களை எங்கே அனுப்பினாலும் அவர்களுக்கு ஆதாயம் எதுவும் இல்லை. வாடகை வண்டி ஓட்டுகிறவரிடமும் தங்கும் விடுதி வரவேற்பறையிலும் கேட்கலாம், ஆனால் அங்கே கமிஷன் விளையாட வாய்ப்பு உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வண்டி நிறுத்தியவரே உள்ளே வந்து கல்லாவில் இருப்பவரோடு சிரித்துப் பேசினால் விஷயம் புரிந்துவிடும்.

ஸ்டாரை மட்டும் பார்ப்பது

மேப்பைத் திறந்து, 4.8 போட்டிருக்கிற கடையை நோக்கி நேராக நடப்பவர்கள் அதிகம். 40 பேர் கொடுத்த 4.8-ஐ விட 3,000 பேர் கொடுத்த 4.3 பல மடங்கு நம்பத் தகுந்தது. நாற்பது பேர் என்பது முதலாளியின் சொந்தக்காரர்களும் நண்பர்களும் சேர்ந்தாலே வந்துவிடுகிற எண்ணிக்கை. முதலில் ரிவ்யூக்களைப் புதியவை மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். சமையல்காரர் மாறியிருந்தாலும் விலை ஏறியிருந்தாலும் அங்கேதான் தெரியும். ஐந்து ஸ்டார் கொடுத்தவர் பூரித்துப் போயிருப்பார், ஒரு ஸ்டார் கொடுத்தவர் கொதித்துப் போயிருப்பார். மூன்று ஸ்டார் கொடுத்தவர்தான் நிதானமாக எழுதுவார், அதைப் படியுங்கள்.

எழுத்தை விடவும் படங்கள் உதவும். கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு, சாப்பிட வந்தவர்கள் எடுத்த மெனு அட்டை, பில் ஆகியவற்றின் படங்களைத் தேடினால் விலை நிலவரம் கையில் வந்துவிடும். இன்னொன்று: ரிவ்யூக்கள் எந்த மொழியில் இருக்கின்றன என்று கவனியுங்கள். முக்கால்வாசி அந்த ஊர் மொழியில் இருந்தால் நல்ல அறிகுறி. தேடும்போதே ‘மதிய உணவு’ என்பதற்கு அந்த ஊர் மொழியில் என்ன சொல் என்று கேட்டுக்கொண்டு, அதை மேப்பில் அடித்துத் தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் தேடும்போது வராத கடைகள் வரும்.

பட்டியல்களை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற மிஷ்லின் கையேடு என்றாலே எட்டாத விலைதான் நினைவுக்கு வரும். 1900-இல் ஒரு டயர் கம்பெனி கார் ஓட்டுகிறவர்களுக்காக இலவசமாகக் கொடுத்த கையேடு அது. அதே கையேட்டில் ‘பிப் கூர்மான்’ என்று ஒரு தனி அடையாளம் 1997-லிருந்து இருக்கிறது. மிதமான விலையில் நல்ல சாப்பாடு தரும் கடைகளுக்கென்றே கொடுக்கப்படுவது. போகிற ஊரில் அந்தக் கையேடு இருந்தால் அதைத் தனியாகத் தேடிப் பாருங்கள். என்ன, அங்கே கூட்டம் இருக்கும். கடை திறக்கிற நேரத்துக்கே போய்விடுவது உத்தமம்.

பெரிய சாப்பாட்டை இரவுக்கு வைப்பது

பகல் முழுக்க எதையாவது கொறித்துவிட்டு, ராத்திரி நல்ல இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது பலருடைய திட்டம். செலவைப் பார்த்தால் இது தலைகீழ். ராத்திரி விலை கூடுதலாக இருக்கிற பல உணவகங்கள், மதியத்தில் அதே சமையலறையிலிருந்து ஒரு தொகுப்பாகக் குறைந்த விலைக்குக் கொடுக்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற கூட்டம் ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியாக வேண்டும், தினமும் வர வேண்டும். அதனால் விலையை ஏற்ற முடியாது. அலுவலகங்கள் நிறைந்த பகுதியில் பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒருவர் உட்கார்ந்து கைக்குட்டையை எடுப்பதற்குள் அவருடைய தட்டு வந்துவிடும். மெனுவை அவர் திறக்கவே மாட்டார். ஆனால் அதே பகுதியில் சனி, ஞாயிறு போய் நின்றால் பாதிக் கடைகள் ஷட்டர் இறக்கியிருக்கும்.

மேஜையில் உட்கார்ந்த பிறகு

கேட்காமல் வந்து உட்காருகிற சின்னத் தட்டு, மூடி திறந்த தண்ணீர் பாட்டில் இதெல்லாம் இலவசம் என்று நினைக்காதீர்கள். கை வைப்பதற்கு முன் கேளுங்கள், வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போவார்கள். ‘சந்தை விலை’ என்றோ எடைக் கணக்கு என்றோ போட்டிருந்தால், சமைப்பதற்கு முன்பே மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுவது நல்லது (நான் இப்போதெல்லாம் கூச்சப்படுவதே இல்லை). பில்லில் ஏற்கெனவே சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் மேலே டிப்ஸ் வைக்கிறவர்களும் உண்டு.

வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது மெஷின் ஒரு கேள்வி கேட்கும்: உள்ளூர் நாணயத்திலா, உங்கள் நாட்டு நாணயத்திலா? நம் நாட்டுப் பணத்தில் காட்டினால் கணக்கு புரிகிறதே என்று அதை அழுத்திவிடத் தோன்றும். அழுத்தாதீர்கள். அப்படி அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த மெஷினை நடத்துகிறவர்கள் தங்கள் லாபத்தையும் சேர்த்து நிர்ணயிப்பார்கள். உள்ளூர் நாணயமே பெரும்பாலும் மலிவு.

மலிவு என்றால் அசுத்தம் என்று பயப்படுவது

தள்ளுவண்டியைக் கண்டால் ஒதுங்கிவிட்டு, விடுதியின் பஃபேயில் தைரியமாகச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிருமிக்குக் கடையின் அலங்காரம் தெரியாது, சூடும் நேரமும்தான் தெரியும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும், சமைத்த உணவைச் சாதாரண அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கண் முன்னால் கொதிக்கக் கொதிக்க எடுத்துக் கொடுக்கிற வண்டி, காலையிலிருந்து வெதுவெதுப்பாகக் கிடக்கிற பளபள பாத்திரத்தை விடப் பாதுகாப்பாக இருக்கக்கூடும். வரிசை நீளமாக இருந்து, அது வேகமாக நகர்ந்தால் இன்னும் நல்லது. சாப்பாடு தேங்கவில்லை என்று அர்த்தம். வெட்டி வைத்த பழம், எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாத ஐஸ் ஆகியவற்றில்தான் யோசிக்க வேண்டும். காசு வாங்குகிற கையே சாப்பாட்டையும் எடுக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

சோர்வாக இருக்கிறது என்று அறையில் படுத்துக்கொண்டே டெலிவரி ஆப்பில் வரவழைப்பதும் செலவுதான். பல கடைகள் ஆப்பில் விலையைக் கூட்டித்தான் வைத்திருக்கும், அதற்கு மேல் கட்டணங்கள் வேறு. கடை நடக்கிற தூரத்தில் இருந்தால் போய்ப் பார்சல் வாங்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வேளைக்கும் புதுக் கடை

இதைத் தவறு என்று எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்களோ தெரியாது. நாலு நாள் தங்கினால் பன்னிரண்டு கடை பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள், பன்னிரண்டு இடத்திலும் முதல் முறை வந்த ஆளாகவே இருக்கிறார்கள். மீன் கதை நடந்த அதே ஊரில், அடுத்த நாள் காலை விடுதிக்குப் பின்னால் நாலே மேஜை போட்ட ஒரு கடையில் காபி குடித்தோம். சுமாராக இருந்தது, பரவாயில்லை, மலிவு. வேறு இடம் தேடச் சோம்பலாக இருந்ததால் மறுநாளும் அங்கேயே போனோம். கல்லாவில் இருந்த அம்மா எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நாங்கள் கேட்டது வந்தது, கூடவே முந்தின நாள் மெனுவில் பார்த்த ஞாபகமே இல்லாத ஒன்றும் வந்தது. இது நாங்கள் சொல்லவில்லையே என்றோம், முதல் நாள் சூடு ஆறாமல். அவர் பக்கத்து மேஜையைக் காட்டினார். அங்கே இருந்த எல்லாருடைய தட்டிலும் அதுதான் இருந்தது.